வெறும் வயிற்று முனி

புருஷனின் வாயை முகர்ந்து பார்க்கும் பழக்கத்தைப் புனிதா விட்டு வெகு காலம் ஆகியிருந்தது. அந்த ஆடி மாதச் செவ்வாய்க்கிழமை காலையில் அதை மறுபடியும் செய்ய வேண்டி வந்தது. அப்போது அவள் அடுப்படித் தரையில் விழுந்து கிடந்தாள். கன்னத்து எலும்பு விண்விண்ணென்று தெறித்தது. பரமேஸ்வரன் அவளைத் தாண்டி நின்று, அலமாரியிலிருந்த டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து, உள்ளே கையை விட்டுத் துழாவி, சுவரில் விட்டெறிந்துகொண்டிருந்தான். மிளகாய்த்தூள் காற்றில் பறந்தது. உளுந்து தரையெல்லாம் உருண்டது. என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டு அவள் எழுந்து அவன் கையைப் பிடித்தபோது இரண்டாவது அடி காதோரம் விழுந்தது. அந்த நேரத்திலும் அவளுடைய மூக்கு தன் வேலையைப் பார்த்தது. சம்சுச் சாராய வாடை இல்லை. பீர் வாடை இல்லை. எந்த வாடையுமே இல்லை.

அதனால் அவன் குடிக்கவில்லை என்று நம்புகிற அளவுக்கு அவள் அப்பாவி இல்லை. வாடை வராத சரக்கு எதையோ கண்டுபிடித்துவிட்டான் என்றே முடிவு கட்டினாள். இருபது வருடம் அடி வாங்கிய பெண்ணின் புத்தி அப்படித்தான் ஓடும். அதற்காக அவளைக் குறை சொல்ல எவருக்கும் யோக்கியதை கிடையாது.

புனிதாவுக்குப் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் தேநீர் கலக்கும் வேலை. கிள்ளானிலிருந்து விடியலில் கொமுட்டர் ரயிலேறிப் போனால், மதியக் கூட்டம் கலையும் வரை கொதிக்கும் வெந்நீருக்கும் தித்திக்கும் டின் பாலுக்கும் நடுவிலேதான் அவள் நிற்பாள். கடைக்கு வருகிறவர்கள் பாதிப் பேர் அவளை "டீ அக்கா" என்பார்கள், மீதிப் பேர் சாயம் எவ்வளவு, பால் எவ்வளவு என்று விரலைக் காட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். யாருக்கு எது என்று அவளுக்குத் தெரியும். வாய் கொஞ்சம் துடுக்கு, கை வேகம். கடையில் அவளை மிரட்டிப் பேசிவிட்டு ஒழுங்கான தேநீர் குடித்தவன் ஒருவனும் இல்லை. அதே பெண்தான் வீட்டுக்குப் போய்ப் பேசாமல் அடி வாங்கினாள். இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்கள், என்ன செய்வது.

பரமேஸ்வரன் அந்தக் காலத்தில் போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டினான். ஆள் நல்ல உயரம், கை ஒவ்வொன்றும் உலக்கை. லோரியை நிறுத்தியதும் குடி, குடித்ததும் வீடு, வீட்டுக்கு வந்ததும் கை நீட்டல். ஒரு முறை அவளுடைய விலா எலும்பு முறிந்தது. ஒரு முறை இடுப்பு வாரின் கொக்கி சதைக்குள் இறங்கியது. மகள் விஷ்ணுப்ரியா குளியலறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு குழாயைத் திறந்துவிடுவாள், சத்தம் கேட்காமல் இருக்க. வளர்ந்து வேலை கிடைத்ததும் ஷா ஆலமில் ஓர் அறை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அப்பாவை அவள் அப்பா என்றுகூடக் குறிப்பிடுவதில்லை, "அந்த ஆளு" என்பதோடு சரி.

அவன் குடியை விட்டதற்குக் காரணம் பெண்டாட்டியும் இல்லை, மகளும் இல்லை. இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி. காலில் வந்த புண் ஆறவே இல்லாமல் ஒரு விரலை எடுத்தார்கள். அடுத்தது பாதம் என்று டாக்டர் சொன்னதும் ஆள் வெலவெலத்துப் போனான். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக, ரயில் பாதையோரம் இருந்த சின்ன முனீஸ்வரன் கோயிலுக்குப் போய், பூசாரி சின்னையாவின் கையில் அடித்துச் சத்தியம் செய்தான். ஆச்சரியம், அதைக் காப்பாற்றவும் செய்தான். லோரி போய், ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலை வாசலில் காவல் நிற்கும் ஜாகா வேலை கிடைத்தது. சாயங்காலமானால் கோயிலில் பெருக்கினான், விளக்குத் துடைத்தான். கை நீட்டுவது அடியோடு நின்றது. புனிதா முதல் வருடம் நம்பவில்லை, இரண்டாவது வருடம் பாதி நம்பினாள், அதற்கப்புறம் தூங்க ஆரம்பித்தாள்.

தூக்கம் வந்ததும் அவளுக்குப் பொறுப்பும் வந்தது. இந்த மனிதனை இனி வியாதிக்கு விடக் கூடாது என்று கச்சை கட்டிக்கொண்டு இறங்கினாள். வீட்டிலிருந்த சீனி, வெல்லம், பிஸ்கட், தேன் எல்லாம் வெளியே போயின. பிரிக்ஃபீல்ட்ஸ் முழுவதற்கும் டின் பால் ஊற்றுகிறவள் வீட்டில் ஓர் எறும்புக்குக்கூட வேலை இல்லை. காலையும் மாலையும் அவளே மாத்திரையை அவன் வாயில் போட்டுத் தண்ணீர் கொடுத்து, விழுங்குகிறானா என்று நின்று பார்ப்பாள். சில சமயம் இனிப்பு ஒரேயடியாக இறங்கிவிடும், அப்போது உடனே இனிப்பாக எதையாவது கொடுக்க வேண்டும் என்று கிளினிக் தாதி ஒரு தடவை சொல்லியிருந்தாள். புனிதா தலையாட்டிவிட்டு வந்தாள். ஏறி ஏறியே ஆளைச் சாகடிக்கப் பார்த்த இனிப்பு, இறங்கி என்ன செய்துவிடப் போகிறது என்று நினைத்தாள். பரமேஸ்வரனுக்கு அதுவரை இறங்கியதும் இல்லை.

அந்த ஆடியில் கோயில் திருவிழாவுக்குக் கரகம் தூக்கும் பொறுப்பு அவனுக்குக் கிடைத்தது. கேட்க வேண்டுமா. மாதம் முழுவதும் விரதம் என்று உட்கார்ந்துவிட்டான். பகலெல்லாம் பட்டினி, பொழுது சாய்ந்ததும் ஒரு வேளை மரக்கறிச் சோறு, அதுவும் கைப்பிடி. சட்டை தொளதொளவென்று ஆனது. மாத்திரைகள் மட்டும் பழையபடியே காலையில் ஒன்று, மாலையில் ஒன்று போய்க்கொண்டிருந்தன. விரதம் என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று அவனுக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை. சாமி காரியத்தைக் கிளினிக்கில் போய்ச் சொல்வார்களா யாராவது.

விரதம் தொடங்கி இரண்டாவது வாரத்தில்தான் அந்த அடுப்படி அடி விழுந்தது. அன்று சாயங்காலம் சாப்பிட்டுவிட்டுச் சாதுவாக உட்கார்ந்திருந்தவனிடம் அவள் கன்னத்தைக் காட்டிக் கேட்டாள். அவன் விழித்தான். தான் தொடவே இல்லை என்றான். இதைத்தான் குடித்த காலத்திலும் மறுநாள் காலையில் சொல்வான். மறுநாள் கடையில் முகக்கவசம் போட்டுக்கொண்டு தேநீர் கலந்தாள்.

அடுத்த வாரம் பரமேஸ்வரன் தொழிற்சாலை வாசலில் ஒரு லோரிக்காரனின் சட்டையைப் பிடித்து இழுத்து, கம்பி வேலியில் முட்டி, அவன் மூக்கை உடைத்துவிட்டான். குடித்துவிட்டு வேலைக்கு வராதே என்று மேற்பார்வையாளர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அதற்கு மறுநாள் வீட்டில் மின்விசிறியைத் தூக்கி அவள் மேல் எறிந்தான். கடைவாயில் ரத்தம் வந்தது. அவள் மகளைக் கூப்பிட்டாள்.

விஷ்ணுப்ரியா ஷா ஆலமிலிருந்து காரில் வந்தாள். அம்மாவின் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். அழவில்லை.

"போதும்மா. இந்தத் தடவை நான் பாத்ரூமுக்குள்ள போயி உக்காரப் போறதில்ல. கெளம்பு, என்கூட வந்துரு."

புனிதா யோசித்தாள். திருவிழா முடியட்டும், முடிந்த கையோடு வந்துவிடுகிறேன் என்றாள். சாமி காரியத்துக்கு நடுவில் போனால் பழி தன் மேல் விழும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், அவன் திருந்தியிருந்த அந்தச் சில வருடங்களை விட்டுவிட மனம் வரவில்லை. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது, சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் கரகம் இறங்கியதும் மகளின் காரில் ஏறிவிடுவது, அப்புறம் திரும்பிப் பார்ப்பதில்லை என்று இருவருக்குள்ளும் முடிவானது.

அந்த ஞாயிறன்று காலையில் அவள் ஒரு காரியம் செய்தாள். சாயங்காலம் தான் இருக்கப் போவதில்லை, மாத்திரை கொடுக்க ஆளிருக்காது என்று, இரண்டு வேளை மாத்திரையையும் சேர்த்து அவன் வாயில் போட்டுத் தண்ணீர் கொடுத்தாள். விட்டுப் போகிற புருஷனுக்குக் கடைசியாகச் செய்கிற கடமை என்று நினைத்துத்தான் செய்தாள். அவன் முந்தின நாள் பொழுது சாய்ந்தபோது சாப்பிட்டவன்.

கோயில் வளாகத்தில் உச்சி வெயில் ஏறும்போது உறுமி மேளம் காதைப் பிளந்தது. பரமேஸ்வரன் மஞ்சள் வேட்டியும் மாலையுமாகக் கரகத்தின் முன்னால் நின்றான். முதலில் கை நடுங்கியது. பிறகு உடம்பெல்லாம் வியர்வை ஆறாக ஓடியது. சின்னையா கரகத்தை எடுத்து அவன் தலையில் வைக்கப் போனபோது, அவன் அதைத் தட்டிவிட்டான். குடம் தரையில் விழுந்து உடைந்தது. பக்கத்தில் நின்றவரின் கழுத்தைப் பிடித்துத் தள்ளினான், அவர் மேளக்காரர்கள் மேல் போய் விழுந்தார். பரமேஸ்வரன் வாயைத் திறந்து அடித்தொண்டையிலிருந்து உறுமினான். கண் மேலே சொருகியிருந்தது.

கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது. முனி வந்துவிட்டார் என்று பெண்கள் குலவையிட்டார்கள். சின்னையாவுக்குச் சந்தேகமே இல்லை. இத்தனை வருடம் விளக்குத் துடைத்தவன் மேல் வராமல் வேறு யார் மேல் வருவார். முனிக்கு உரியதை எடுத்து நீட்டினார்: ஒரு கையில் அரிவாள், இன்னொரு கையில் பிராந்தி. பரமேஸ்வரனின் விரல்களை அரிவாளின் பிடியில் மடக்கி வைத்து, தாடையைப் பிடித்து வாய்க்குள் பிராந்தியை ஊற்றினார். பாதி வெளியே வழிந்தது, பாதி உள்ளே போனது.

புனிதா அதைப் பார்த்தாள். அவ்வளவுதான், மனசு விட்டுப்போனது. கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்த மகளின் கையைப் பிடித்து, வா போகலாம் என்று திரும்பினாள்.

பின்னால் ஓர் அலறல் கேட்டது. பரமேஸ்வரன் அரிவாளை வீசியதில் சின்னையாவின் முழங்கைக்குக் கீழே சதை பிளந்து தொங்கியது. வெள்ளை வேட்டியெல்லாம் ரத்தம். கூட்டம் சிதறி ஓடியது. அப்போதும் அந்தப் பெரிய மனிதர் கையைப் பொத்திக்கொண்டு, முனி கோபமாக இருக்கிறார், இன்னும் ஊற்றுங்கள் என்றுதான் கத்தினார். பக்திக்கு ஓர் அளவு வேண்டாமா.

பரமேஸ்வரன் யாரையும் துரத்தவில்லை. அரிவாளைக் காற்றில் வீசிக்கொண்டு, தள்ளாடித் தள்ளாடி, அன்னதானப் பந்தலுக்குள் புகுந்தான். மேசையைக் கவிழ்த்தான். அரிவாள் எங்கோ விழுந்தது. சோற்றுச் சட்டியில் கையை விட்டான், ரசத்தில் விட்டான், தண்ணீரில் விட்டான், ஒவ்வொன்றையும் தூக்கி எறிந்தான். தேநீருக்கு வைத்திருந்த டின் பாலைப் பிடித்தான், அது கை நழுவி உருண்டது. அதன் பின்னால் மண்டியிட்டுத் தவழ்ந்தான்.

புனிதாவின் கால் நின்றுவிட்டது. அடுப்படியிலும் இதே கை, இதே துழாவல். மிளகாய்த்தூளும் உளுந்தும் வேண்டாம் என்று எறிந்த கை. இவன் குடிபோதையில் எதையும் இப்படித் தேடியதில்லை. குடித்தால் அவள் பெயரிலிருந்து தொடங்கி அவளைப் பெற்றவர்கள் வரைக்கும் இழுத்துத் திட்டுவான். இந்த மாதம் அடித்தபோதெல்லாம் ஒரு வார்த்தை வரவில்லை. அவள் கையைப் பிடித்த அன்று அவன் உடம்பு ஈரமாக, சில்லென்று இருந்தது. குடிகாரன் உடம்பு சுடும், அது அவளுக்குத் தெரியாதா. இவன் தேடுவது இனிப்பை. வீட்டில் ஒரு பொட்டுக்கூட விடாமல் அவள் துடைத்தெடுத்த இனிப்பை. தாதி சொன்னது அப்போதுதான் அவள் மண்டையில் இடியாக இறங்கியது.

அவள் ஓடினாள். டின்னை எடுத்தாள். இன்னொருவன் பிராந்தி பாட்டிலோடு அவன் வாயருகே குனிந்திருந்தான். அவள் அந்தப் பாட்டிலைப் பிடுங்கிப் பந்தல் காலில் அடித்தாள். கண்ணாடி நொறுங்கி அவள் உள்ளங்கையைக் கிழித்தது. பரமேஸ்வரன் கண்மண் தெரியாமல் முஷ்டியை வீசினான். அவளுடைய உதடு பிளந்து ஒரு பல் ஆடியது. அவள் பின்வாங்கவில்லை. அவனை மல்லாக்கத் தள்ளி, நெஞ்சில் முழங்காலை ஊன்றி, பளீரென்று ஓர் அறை விட்டாள். இருபது வருடத்தில் அவள் திருப்பி அடித்த முதல் அடி அது. அறைந்த கையோடு டின் பாலில் விரலைத் தோய்த்து அவன் கன்னத்தின் உட்புறம் திணித்தாள். அவன் கடித்தான். எலும்பு வரை பல் இறங்கியது. அவள் விரலை எடுக்காமல் மற்றக் கையால் தொண்டையைத் தடவிக்கொண்டே இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஊட்டினாள்.

முனியின் நெஞ்சில் ஒரு பெண் கால் வைத்துவிட்டாள் என்று கூட்டம் கொதித்தது. இரண்டு பேர் அவளுடைய தலைமுடியைப் பிடித்து இழுத்தார்கள். விஷ்ணுப்ரியா கவிழ்ந்து கிடந்த நாற்காலியைத் தூக்கி அவர்களில் ஒருவன் முதுகில் போட்டாள். "கிட்ட வந்தா மண்டய பொளந்துருவேன்," என்றாள். அதற்கப்புறம் யாரும் கிட்டே வரவில்லை.

எவ்வளவு நேரமோ, அவள் முழங்காலுக்குக் கீழே அந்த உடம்பு திமிறுவதை நிறுத்தியது. பல் தளர்ந்தது. கண் கீழே இறங்கி அவளைப் பார்த்தது.

"புனிதா," என்றான். "வாயில என்னா ரத்தம்?"

ஆம்புலன்ஸில் போகும்போதே மறுபடி உளற ஆரம்பித்துவிட்டான். ஆஸ்பத்திரியில் கையில் ஊசி குத்திச் சீனித் தண்ணீரை நேரே ரத்தத்தில் ஏற்றினார்கள். மாத்திரையின் வேகம் அடங்க மறுநாள் வரை ஆனது. டாக்டர் ரம்லத் தமிழில் நிதானமாக எடுத்துச் சொன்னாள். மூளைக்குச் சேமிப்பு கிடையாது, ரத்தத்தில் ஓடுகிற சர்க்கரையை வைத்துத்தான் அது பிழைக்கிறது. அது வற்றினால் ஆள் தன்னை இழந்துவிடுவான், சிலர் மயங்குவார்கள், சிலர் அடிப்பார்கள். இவன் விழுங்கிய மாத்திரை, ஆள் சாப்பிட்டானா இல்லையா என்று பார்க்காமல் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். பட்டினி நேரத்தில் கல்லீரல்தான் தன்னிடம் இருப்பதைக் கொடுத்தும், புதிதாகச் செய்து கொடுத்தும் காப்பாற்றும். உள்ளே சாராயம் போனால் கல்லீரல் அதைச் சமாளிக்கப் போய்விடும், புதிதாகச் செய்வது நின்றுவிடும்.

"இன்னும் கொஞ்சம் பிராந்தி ஊத்தியிருந்தா ஆளு போயிருப்பாரு ஆன்டி. மாத்திர யாரு குடுத்தது?"

"நான்தான்," என்றாள் புனிதா. கொல்லப் பார்த்ததும் தான், பிழைக்க வைத்ததும் தான் என்று நினைக்க அவளுக்குத் தாங்கவில்லை. டாக்டர் திட்டவில்லை. விரதம் என்றால் முன்கூட்டி வந்து சொல்லுங்கள், மாத்திரையைக் குறைத்துத் தருகிறோம், வீட்டில் இனிப்பு ஏதாவது எப்போதும் இருக்கட்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் சாயங்காலம் கட்டிலைச் சுற்றி எல்லோரும் இருந்தார்கள். சின்னையா கையில் தையலும் கட்டுமாக ஒடுங்கி நின்றார். விஷ்ணுப்ரியா அம்மாவைக் கூட்டிப் போகக் கார் சாவியைக் கையில் வைத்தபடி கால்மாட்டில் நின்றாள். புனிதா உட்காரவில்லை. உதட்டில் தையல், விரலிலும் உள்ளங்கையிலும் கட்டு. பரமேஸ்வரனுக்கு மட்டும் முகத்தில் தெளிவு வந்திருந்தது. டாக்டர் சொன்னதைக் கேட்டதிலிருந்து அவனுக்குப் பெரிய பாரம் இறங்கிவிட்டது. யார் வந்தாலும் அதையே சொன்னான். இப்போது மகளிடம் சொன்னான்.

"பாத்தியாம்மா. அப்பா இல்லம்மா, சீனி செஞ்ச வேல. நான் யாரையும் அடிக்கல."

அவன் அதோடு விடவில்லை. யோசித்துப் பார்த்தால் லோரி ஓட்டின காலத்திலும் நேரத்துக்குச் சாப்பிட்டதே இல்லை, அப்போதும் இதேதான் இருந்திருக்க வேண்டும், வீணாகக் குடியின் மேல் பழி போட்டோம் என்றான். சின்னையா நல்ல மனிதர், உடனே ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். இரண்டு ஆண்களுக்கும் அது வசதியாக இருந்தது. இருபது வருடமும் ஒரே வாயில் சுத்தமாகிக்கொண்டிருந்தது.

புனிதா கட்டிலருகே வந்தாள். தையல் போட்ட உதட்டால் பேச வலித்தது, அதனால் மெதுவாகப் பேசினாள்.

"இந்த மாசம் அடிச்சது நீங்க இல்ல. அதுல என் தப்பும் இருக்கு, ஒத்துக்கிறேன். ஆனா அப்ப அடிச்சது சீனி இல்லங்க. இந்த மாசம் கண்ணு தெரியாம அடிச்சீங்க, மூஞ்சி ஒடஞ்சிச்சு. அந்த இருவது வருசத்துல என் மூஞ்சில ஒரு அடி விழுந்துச்சா? முதுகுல அடிச்சீங்க, தொடையில அடிச்சீங்க, விலாவுல மிதிச்சீங்க. காலையில நான் கடையில நாலு பேரு முன்னாடி நிக்கணும்னு உங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. எவ்ளோ குடிச்சாலும் எடம் பாத்துத்தான் அடிச்சீங்க."

சின்னையா தலையாட்டுவதை நிறுத்தினார். பரமேஸ்வரன் சீனி ஏறுகிற குழாயைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், அப்புறம் பார்க்க வேறு இடம் இல்லாமல் மகளைப் பார்த்தான். அவள் கண்ணை எடுக்காமல் காத்திருந்தாள். அவன் முகம் கோணியது.

"அம்மா சொல்றது சரிதாம்மா," என்றான். "அது நான்தான்."

புனிதா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.